படம் பார், கேள், திரையை மூடு, சொல்: மென்பொருளை வைத்து வீட்டிலேயே பிரெஞ்சு கற்க ஒரு வழிகாட்டி

திரையில் நான்கு படங்கள். சிறுமி தண்ணீர் குடிக்கிறாள், சிறுவன் ஆப்பிள் சாப்பிடுகிறான், ஒருவர் ஓடுகிறார், ஒரு பெண் புத்தகம் வாசிக்கிறாள். காதில் ஒரு குரல்: ‘லா ஃபீய் புவா தெ லோ.’ இதற்குரிய படம் எது? பொருள் எங்கும் எழுதியிருக்காது. தமிழிலும் இராது, ஆங்கிலத்திலும் இராது. ஊகித்து ஒரு படத்தைத் தொட வேண்டும். ரொசெட்டா ஸ்டோன் போன்ற இம்மெர்ஷன் வகை மென்பொருள்கள், அதாவது கற்கும் மொழிக்குள்ளேயே நம்மை இறக்கிவிடும் மென்பொருள்கள், இப்படித்தான் கற்றுக்கொடுக்கின்றன. தமிழருக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. ஆங்கிலத்தில் அர்த்தம் படித்து, அதைத் தமிழில் புரிந்துகொண்டு, பிறகு பிரெஞ்சுக்குப் போகும் சுற்றுவழி இங்கே இல்லை.

இந்த முறையின் பலமும் பலவீனமும் மென்பொருள் வருவதற்கு முன்பே பள்ளிக்கூடங்களில் தெரிந்துவிட்டன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கு 1965இல் மழலையர் வகுப்பு முதலே பிரெஞ்சில் பாடம் நடத்தினார்கள். இப்படிப்பட்ட பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்குக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் மிக நன்றாக வந்தது. ஆனால் பேச்சிலும் எழுத்திலும் ஆண்பால், பெண்பால் தவறுகளும் வினைச்சொல் தவறுகளும் பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கேட்பது மட்டும் போதாது, கற்பவர் தாமே சொல்லியும் எழுதியும் பார்க்க வேண்டும் என்று கனடா ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் 1985இல் வாதிட்டது அதனால்தான். ஆசிரியரும் தோழர்களும் சுற்றியிருந்த பிள்ளைகளுக்கே அப்படியென்றால், திரைக்கு முன் தனியாக உட்காருபவருக்கு அந்தப் பள்ளம் இன்னும் ஆழம். படத்தைச் சரியாகத் தொட்டோம் என்பது வேறு, அந்த வாக்கியம் நம் வாயில் வரும் என்பது வேறு. கீழே வரும் படிகளெல்லாம் அந்தப் பள்ளத்தைத் தூர்ப்பதற்குத்தான்.

தொடங்குமுன் சரிசெய்ய வேண்டியவை

முதலில் மைக். இந்த மென்பொருள்கள் நாம் பேசுவதைக் கேட்டு மதிப்பெண் போடுபவை. லேப்டாப்பிலேயே இருக்கும் மைக், ஃபேன் சத்தத்தையும் விசைகளின் சத்தத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். உச்சரிப்பு சரியாக இருந்தும் திரையில் தவறு என்ற சிவப்புக் குறி விழுந்தால் பாதி நேரம் காரணம் இதுதான். ஒயர் உள்ள, மைக் நீட்டிக்கொண்டிருக்கும் ஹெட்செட் நல்லது. மைக்கை வாய்க்கு நேர் எதிரே வைக்காதீர்கள். ‘ப’, ‘ஃப’ ஒலிகளின் காற்று மோதி இரையும். வாயோரத்திலிருந்து இரண்டு விரல் அகலம் தள்ளி, சற்றுக் கீழே இருக்கட்டும். ப்ளூடூத் ஹெட்செட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பாட்டுக் கேட்கும்போது துல்லியமாக ஒலிக்கும் பல ஹெட்செட்கள், மைக் வேலை செய்யத் தொடங்கியதும் ஒலித்தரத்தைத் தொலைபேசி அளவுக்கு இறக்கிவிடும். அப்போது ‘ஸ்’, ‘ஷ்’, ‘ஃப்’ ஒலிகள் ஒன்றோடொன்று குழம்பும். நீங்கள் சொல்வது மென்பொருளுக்கும் கேட்காது, அது சொல்வது உங்களுக்கும் சரியாகக் கேட்காது.

செட்டிங்ஸில் குரல் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் (ஆண், பெண், குழந்தை) தவறாமல் செய்யுங்கள். பேச்சுத் துல்லியத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் முதல் மாதம் நடுவில் வையுங்கள். ஆரம்பத்திலேயே உச்சத்தில் வைத்தால் ‘ர்’ ஒலி ஒன்றுக்காகவே அரை மணி நேரம் போய்விடும். அடியில் வைத்தாலோ எதைச் சொன்னாலும் பச்சை விழும்.

அடுத்தது கீபோர்டு. பிரெஞ்சில் எழுத்தின் மேல் வரும் கோடு அலங்காரம் அல்ல. ‘ஊ’ என்று ஒலிக்கும் ஓ-யூ என்ற ஈரெழுத்துச் சொல்லுக்கு ‘அல்லது’ என்று பொருள். அதே சொல்லில் யூ மேல் ஒரு கோடு விழுந்தால் ‘எங்கே’ என்று பொருள். எனவே எழுதத் தொடங்கும் நாளிலிருந்தே கோடுகளோடு எழுதுங்கள். விண்டோஸில் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல்’ கீபோர்டைச் சேர்த்துக்கொண்டால் போதும், புதிய விசைப்பலகை அமைப்பைப் பழக வேண்டாம். ஒற்றை மேற்கோள் விசையைத் தட்டி ஆங்கில எழுத்தான ஈ தட்டினால் வலப்புறம் ஏறும் கோடு. எண் 1க்கு இடப்பக்கம் இருக்கும் விசையைத் தட்டி ஈ தட்டினால் இடப்புறச் சாய்வுக் கோடு. ஷிஃப்ட்டோடு 6 தட்டி ஈ தட்டினால் கூரைக் குறி. ஒற்றை மேற்கோளும் சி-யும் சேர்ந்தால் வால் வைத்த சி. எல்லோரும் இடறுமிடம் ‘லோ’ (தண்ணீர்) போன்ற சொற்கள்தான். எல் தட்டி, மேற்கோள் தட்டி, ஈ தட்டினால் மேற்கோள் மறைந்து ஈ-யின் மேல் கோடு ஏறிவிடும். மேற்கோளைத் தட்டியதும் ஸ்பேஸ் விசையை ஒருமுறை அழுத்திவிட்டு ஈ தட்டுங்கள். கைபேசியில் எழுத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் எல்லா வடிவமும் வரும்.

கோட்டைப் பொருட்படுத்தாமல் விடையை ஏற்கும் வசதியைச் சில மென்பொருள்கள் தருகின்றன. அதை அணைத்து வையுங்கள்.

முதல் வாரம்: ஒலி மட்டும்

பாடத்தை நடத்துங்கள், ஆனால் இந்த வாரம் எழுத வேண்டாம். காதும் வாயும் முதலில் பழகட்டும்.

ஒரு விதியை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள்: பிரெஞ்சுச் சொல்லைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி வைக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் தமிழில் எழுதியிருப்பது எந்தச் சொல் என்று அடையாளம் காட்டத்தான். ஒலியை மென்பொருளிலேயே கேட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு சான்று. கேக்குக்கு ‘காதோ’, பரிசுக்கும் ‘காதோ’. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். உண்மையில் முதல் சொல் ‘கங்கை’யின் க-வில் தொடங்கி வல்லின த-வில் முடிகிறது, இரண்டாவது ‘கண்’ணின் க-வில் தொடங்கி மெலிந்த த-வில் முடிகிறது. இரண்டும் முற்றிலும் எதிரெதிர். மீன் ‘புவாஸோன்’, அதன் நடுவிலுள்ள ‘ஸ்’ தேனீ ரீங்கரிப்பதுபோல் அதிர்ந்தால் அது விஷம் என்று பொருள்படும் சொல். ஒரே எழுத்துக்குப் பல ஒலி வைத்துப் படிக்கும் பழக்கம் தமிழில் நமக்கு இயல்பு. அந்தப் பழக்கம் பிரெஞ்சுக்குள் வந்தால் காது அடைத்துப் போகும்.

தமிழ் வாய்க்கு எளிதாக வரும் ஒலிகளும் பல உண்டு, அவற்றைப் பலர் கவனிப்பதே இல்லை.

பிரெஞ்சின் டி எழுத்து ஒலிகள் பல்லில் நாக்குப் படும் ஒலிகள். நம் ‘த’ போல. ஆங்கிலப் பழக்கத்தில் ‘ட’ போட்டுவிடுகிறோம். மேசைக்கு ‘டாபிள்’ அல்ல, ‘தாப்ல்’. அதேபோல் சொல்லின் முதலில் வரும் ப, த, க ஒலிகளை மூச்சைத் தள்ளாமல் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் இதற்குத் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கும். ‘பல்’, ‘தலை’, ‘கல்’ என்று சொல்லும்போது நாம் செய்வது அப்படியே போதும்.

மூக்கொலிகள் இன்னும் சுவையானவை. பிரெஞ்சில் ‘வேன்’ (திராட்சை மது), ‘வான்’ (காற்று), ‘வோன்’ (போகிறார்கள்) மூன்றும் மூக்கு வழி உயிரொலியால் மட்டுமே வேறுபடுகின்றன. கடைசியில் ‘ன்’ இல்லை. நாக்கு மேலே போய் ஒட்டக் கூடாது. புதிதாகக் கற்பவர் கட்டாயம் ‘ன்’ போடுவார். ஆனால் நம் பேச்சுத் தமிழிலேயே இந்த ஒலிகள் இருக்கின்றன. ‘மரம்’ என்பதை வேகமாகப் பேச்சில் சொல்லிப் பாருங்கள். உதடு மூடாது, கடைசியில் மூக்கில் ஒரு ‘ஒ’ ஒலிக்கும். அதுதான் ‘வோன்’ சொல்லின் ஒலி. ‘நேத்து வந்தான்’ என்று பேச்சில் சொல்லும்போது கடைசியில் வரும் மூக்கு ‘ஆ’, ‘வான்’ சொல்லுக்கு மிக அருகில் இருக்கிறது. ‘அவன்’, ‘பையன்’ என்பவற்றின் பேச்சு முடிவில் வரும் மூக்கு ‘எ’, ‘வேன்’ சொல்லுக்கு நெருக்கம். மேடைத் தமிழை மறந்து, வீட்டில் பேசும் தமிழை வாயில் வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் பழகுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் என்று ஒரு வாரம் செய்தால் பிடிபட்டுவிடும்.

நம்மிடம் இல்லாத ஒலிகளில் முக்கியமானது யூ எழுத்தின் ஒலி. ‘ஈ’ சொல்லுங்கள். நாக்கை அசைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவியுங்கள். வரும் ஒலி அதுதான். ‘ஊ’ என்றே சொல்லிவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். ‘தெஸ்யூ’ என்றால் மேலே, ‘தெஸூ’ என்றால் கீழே. அவ்வளவு தூரம் கெட்டுவிடும்.

‘ர்’ நாக்கு நுனியில் பிறப்பதில்லை. தொண்டையில் தண்ணீர் வைத்துக் கொப்பளிக்கும்போது அதிரும் இடத்தில் பிறக்கிறது. நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் ஊன்றி வைத்துக்கொண்டால் அது குறுக்கே வராது. ஆரம்பத்தில் ‘க்ர’ சேர்ந்த சொற்களில் பழகுங்கள். ‘க்’ நாக்கின் பின்பக்கத்தை ஏற்கெனவே உயர்த்திவிடுவதால் எளிது. இது முழுமையாக வர மாதக்கணக்கில் ஆகலாம். நம் ‘ர்’ போட்டாலும் பேச்சு புரியும். யூ ஒலியும் மூக்கொலியும் பிழைத்தால் புரியாது. உழைப்பை அதற்கேற்பப் பங்கிடுங்கள்.

‘நான்’ என்பதற்கான சொல் ‘ஜெ’ அல்ல. ‘ஷ’ சொல்லும் நிலையில் நாக்கை வைத்துத் தொண்டையை அதிரவிட வேண்டும். நாக்கு அண்ணத்தைத் தொட்டால் அது நம் ‘ஜ’ ஆகிவிடும்.

ஒரு பாடத்தை நடத்தும் முறை

ரொசெட்டா ஸ்டோனின் பிரெஞ்சுப் பாடத்திட்டத்தில் ஐந்து நிலைகள், 20 அலகுகள், ஒவ்வோர் அலகிலும் நான்கு முதன்மைப் பாடங்கள், ஆக 80 பாடங்கள். ஒரு முதன்மைப் பாடம் சுமார் 30 நிமிடம். அதைத் தொடர்ந்து உச்சரிப்பு, சொற்கள், இலக்கணம், வாசிப்பு, எழுத்து எனச் சிறு பயிற்சிகள் வரும். வேறு மென்பொருளை வைத்திருந்தாலும் கீழுள்ள முறை பொருந்தும். ஒரு முதன்மைப் பாடத்துக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள், நாளொன்றுக்கு 45 நிமிடம். ஞாயிறன்று புதிய பாடம் வேண்டாம், மறுபார்வை மட்டும். வாரத்துக்கு மூன்று பாடம் என்ற கணக்கில் 80 பாடம் முடிய 27 வாரம் ஆகும். ஒரே நாளில் மூன்று பாடம் ஓட்டுபவர்கள் இரண்டாம் நிலையின் நடுவில் ‘எல்லாம் புரிகிறது, எதுவும் சொல்ல வரவில்லை’ என்று நின்றுவிடுகிறார்கள்.

முதல் நாள். பாடத்தைத் திறந்து நடத்துங்கள். படத்தைத் தொடுமுன் ஒரு வேலை செய்யுங்கள்: குரல் ஒலித்ததும் திரையிலிருந்து கண்ணை எடுத்து, கேட்ட வாக்கியத்தை உரக்கத் திரும்பச் சொல்லிவிட்டுப் பிறகு தொடுங்கள். நான்கு படங்களில் மூன்றைத் தொட்டு முடித்துவிட்டால் நான்காவது தானாகவே சரியாகிவிடும். மென்பொருள் அதற்கும் முழு மதிப்பெண் போடும். வாக்கியத்தில் வரும் சிவப்பு, பச்சை போன்ற ஒரு நிறச்சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு மீதி வாக்கியத்தைக் கேட்காமலே சரியான படத்தைத் தொட முடியும். அதனால் 95 மதிப்பெண் என்று திரை காட்டுவதை நம்பி அடுத்த பாடத்துக்குப் போக வேண்டாம்.

சிவப்பு விழுந்தால் ஐந்து முறைக்கு மேல் அதே வாக்கியத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். கைபேசியில் உங்கள் குரலைப் பதிவு செய்து, மென்பொருளின் குரலையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். எந்த அசை வேறுபடுகிறது என்று பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். ஒலிப்பொத்தான் வந்தவுடனே பேசத் தொடங்கினால் முதல் அசை பதிவாகாமல் போவதுண்டு. அரை நொடி பொறுத்துப் பேசுங்கள்.

பாடம் முடிந்ததும் திரையை மூடுங்கள். அடுத்த பத்து நிமிடம்தான் அன்றைய உண்மையான பாடம். எழுந்து வீட்டுக்குள் நடந்து, அன்று கேட்ட வாக்கிய அமைப்பில் கண்ணில் படும் பொருள்களை வைத்துச் சொல்லுங்கள். திரையில் சிறுமி தண்ணீர் குடித்தாள். நீங்கள் ‘நான் காபி குடிக்கிறேன்’, ‘என் தம்பி பால் குடிப்பதில்லை’ என்று மாற்றுங்கள். சொல் தெரியாவிட்டால் அந்த இடத்தில் நின்று, அதை மட்டும் அகராதியில் பாருங்கள். ஒரு சொல்லைப் படத்தோடு மட்டும் கற்றவருக்கு அந்தப் படம் தெரியும், சொல் தெரியாது. மஞ்சள் சட்டைச் சிறுமி மறைந்ததும் ‘ஃபீய்’ என்பதும் மறைந்துவிடும்.

இரண்டாம் நாள். முந்தைய பாடத்தின் வாக்கியங்களைப் பத்து நிமிடம் கண்ணை மூடிக் கேளுங்கள். 20 நிமிடம் சிறு பயிற்சிகள். மீதி 15 நிமிடம் டிக்டேஷன், அதாவது கேட்டு எழுதுதல். பத்து வாக்கியம், ஒவ்வொன்றையும் மூன்று முறை கேட்கலாம், பிறகு திரையைப் பார்த்துத் திருத்துங்கள்.

டிக்டேஷனை ஏன் வற்புறுத்துகிறோம் என்பதற்கு ஒரு வாக்கியத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். ‘குழந்தைகள் ஆப்பிள்கள் சாப்பிடுகிறார்கள்’: ‘லேஸான்ஃபான் மான்ஜ் தே பொம்.’ எழுத்தில் ஐந்து சொற்கள். ஐந்துமே பன்மை காட்டுகின்றன. ‘குழந்தைகள்’ சொல்லின் கடைசியில் எஸ், ‘ஆப்பிள்கள்’ சொல்லின் கடைசியில் எஸ், வினைச்சொல்லின் கடைசியில் ஈ-என்-டி என மூன்று எழுத்து. ஆனால் இவற்றில் எதுவும் ஒலிப்பதில்லை. காதுக்குப் பன்மையைச் சொல்பவை ‘லே’, ‘தே’ என்ற இரு சிறு சொற்களும், ‘லே’யையும் ‘ஆன்ஃபான்’ என்பதையும் ஒட்டவைக்கும் அந்த அதிர்கின்ற ‘ஸ’வும்தான். அந்த ‘ஸ’ அடுத்த சொல் உயிரொலியில் தொடங்குவதால் மட்டும் பிறந்தது. படத்தைத் தொடும் பயிற்சியில் இந்த நுட்பம் ஒன்றும் தேவைப்படாது, குழந்தைகள் இருக்கும் படத்தைத் தொட்டால் போதும். எழுதிப் பார்க்கும்போதுதான் எவ்வளவு கேட்காமல் விட்டோம் என்று தெரியும். ஆரம்பத்தில் பத்து வாக்கியத்தில் இரண்டுகூடப் பிழையில்லாமல் வராது. அது இயல்பு.

கடைசி மெய் ஒலிக்காது என்பது பொது விதி. சி, ஆர், எஃப், எல் ஆகிய நான்கும் கடைசியில் வந்தால் பெரும்பாலும் ஒலிக்கும். இதற்கும் விலக்கு உண்டு; ‘பேச’ என்ற ‘பார்லே’ போன்ற வினைகளின் கடைசி ஆர் ஒலிக்காது. இந்த அளவு தெரிந்தால் முதல் மூன்று மாதம் ஓட்டலாம்.

நோட்டும் பால் வேறுபாடும்

நமக்கு ஆண்பால் பெண்பால் எல்லாம் மனிதர்க்கும் தெய்வங்களுக்கும்தான். பிரெஞ்சில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். காரணம் தேட வேண்டாம், சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். நோட்டில் தனிச்சொல் எழுதக் கூடாது. ‘அன்’ அல்லது ‘யூன்’ என்ற ‘ஒரு’ பொருள் தரும் முன்சொல்லோடு எழுதுங்கள், ஆண்பாலை நீல மையிலும் பெண்பாலைச் சிவப்பிலும். ‘லெ’, ‘லா’ வைத்து எழுதுவதைவிட இது நல்லது. ஏனென்றால் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் அவை இரண்டும் சுருங்கி ஒன்றாகிவிடும், பால் மறைந்துவிடும். ‘லோ’ என்று மட்டும் எழுதிவைத்தால் தண்ணீர் பெண்பால் என்பது ஒருபோதும் தெரியாது.

சொல்லின் முடிவு ஓரளவு காட்டிக்கொடுக்கும். ‘சியோன்’ என ஒலிக்கும், டி-ஐ-ஓ-என் என்று முடியும் சொற்கள் ஏறக்குறைய எல்லாம் பெண்பால். ‘மான்’ என ஒலிக்கும், எம்-ஈ-என்-டி என்று முடியும் பெயர்ச்சொற்கள் ஏறக்குறைய எல்லாம் ஆண்பால். ‘ஆஜ்’ என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால்.

சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ்ப் பொருள் வேண்டாம், சின்னப் படம் வரையுங்கள். படமாக வரைய முடியாத சொற்களுக்கு (‘ஏற்கெனவே’, ‘இன்னும்’, ‘ஆனாலும்’ போன்றவை) தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவற்றைப் படத்தை வைத்து ஊகிக்க வைப்பது இந்த முறையின் மிகப் பலவீனமான இடம். இரண்டு முறை ஊகித்தும் பிடிபடாவிட்டால் தயங்காமல் அகராதியைத் திறக்கலாம். தவறாக ஊகித்த பொருள் மனதில் உறைந்துவிட்டால் பிறகு பெயர்ப்பது கடினம்.

இலக்கணப் புத்தகம்: பாடத்துக்குப் பின்

மென்பொருள் விதியைச் சொல்லாது. மாதிரிகளைக் காட்டி நம்மையே கண்டுபிடிக்க வைக்கும். சிலவற்றை அப்படிக் கண்டுபிடிக்கலாம், சிலவற்றை முடியாது. ஒரு சிறிய இலக்கண நூலை அருகில் வைத்திருங்கள். பாடத்தை முடித்த பிறகு மட்டும் திறங்கள். முன்பே விதியைப் படித்துவிட்டால் காது வேலை செய்யாது.

தமிழருக்கு எது எளிது, எது இடறும் என்று தெரிந்துகொண்டால் நேரம் மிச்சம். ‘நீ’, ‘நீங்கள்’ வேறுபாடு அங்கேயும் அப்படியே இருக்கிறது: ‘த்யூ’, ‘வூ’. மரியாதைக்குப் பன்மை போடுவதும் நம்மைப் போலத்தான். வினைச்சொல் ஆளுக்கேற்ப மாறுவதும் நமக்குப் புதிதல்ல. ஆனால் நாம் ‘வந்தேன்’ என்று சொல்லி ‘நானை’ விட்டுவிடலாம். பிரெஞ்சில் விட முடியாது. காரணம் மேலே பார்த்ததுதான்: ‘பார்ல்’ என்ற ஒலி ‘பேசுகிறேன்’, ‘பேசுகிறாய்’, ‘பேசுகிறான்’, ‘பேசுகிறார்கள்’ எல்லாவற்றுக்கும் பொது. யார் என்று முன்னால் சொல்லாவிட்டால் கேட்பவருக்குத் தெரியவே தெரியாது.

‘எனக்கு இருபது வயது’, ‘பசிக்கிறது’ என்று நாம் சொல்வதை அவர்கள் ‘இருபது ஆண்டு வைத்திருக்கிறேன்’, ‘பசி வைத்திருக்கிறேன்’ என்ற அமைப்பில் சொல்கிறார்கள். ‘உடைமை’ வினை நமக்குப் பழக்கமில்லை என்பதால் இதற்குத் தனியாக ஒரு வாரம் கொடுங்கள்.

உணவுப் பாடங்களில் வரும் ‘த்யூ’, ‘தெ லா’ என்ற ‘கொஞ்சம்’ பொருள் தரும் சொற்களைப் படங்களிலிருந்து ஊகித்துவிடலாம். எதிர்மறையில் அவை எல்லாம் வெறும் ‘தெ’ ஆகிவிடுவதைப் பலர் கவனிப்பதே இல்லை. ரொட்டி சாப்பிடுகிறேன் என்றால் ‘த்யூ பேன்’, சாப்பிடவில்லை என்றால் ‘பா தெ பேன்’. இதை எழுதிப் பழகுங்கள்.

எண்களை மென்பொருள் வேகமாகக் கடந்துவிடுகிறது. 70 என்பது அறுபது-பத்து, 80 என்பது நான்கு-இருபது, 97 என்பது நான்கு-இருபது-பத்து-ஏழு. ‘அறுபது’ என்று கேட்டதும் 6 எழுதிவிட்டால் அடுத்து ‘பன்னிரண்டு’ வரும், அது 72. பிரான்சில் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாக, ஐந்து ஜோடியாகச் சொல்வார்கள். அதனால் தினமும் ஐந்து ஜோடி எண்களை ஒலிப்பதிவிலிருந்து கேட்டு எழுதுவது நல்ல பயிற்சி. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70க்கும் 90க்கும் தனிச் சொற்கள் இருக்கின்றன, குழம்ப வேண்டாம்.

மறுபார்வை

ஒரு பாடத்தை முடித்த மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் என்று திரும்பிப் பாருங்கள். அங்கி என்ற இலவச அட்டை மென்பொருள் இந்த நாள்கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். அட்டையின் முன்பக்கம் படமும், பின்பக்கம் முழு வாக்கியமும் ஒலியும் இருக்கட்டும். படத்தைப் பார்த்து வாக்கியத்தை உரக்கச் சொன்ன பிறகே திருப்ப வேண்டும். ஒரு பாடத்துக்கு எட்டு அட்டைக்கு மேல் வேண்டாம். முப்பது முப்பதாகச் சேர்த்தால் இரண்டாம் மாதம் தினமும் ஒரு மணி நேரம் அட்டை திருப்புவதிலேயே போகும். அப்புறம் மொத்தத்தையும் கைவிட்டுவிடுவீர்கள்.

எட்டாவது வாரத்திலிருந்து: வெளியே வாருங்கள்

மென்பொருளின் குரல்கள் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக எடுத்துவைப்பவை. தெருவில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘எனக்குத் தெரியாது’ என்பதைப் பாடத்தில் ‘ஜெ நெ ஸே பா’ என்று நான்கு அசையில் கற்றிருப்பீர்கள். பேச்சில் அது ‘ஷே பா’. ‘இருக்கிறது’ என்ற ‘இல் ஈ ஆ’ வெறும் ‘யா’ ஆகிவிடும். எதிர்மறையின் முன்பாதியான ‘நெ’ பேச்சில் பெரும்பாலும் விழுந்துவிடும். ‘நாங்கள்’ என்பதற்கு ‘நூ’வைவிட ‘ஓன்’ அதிகம் கேட்கும். இதெல்லாம் தெரியாமல் முதல்முறை உண்மையான உரையாடலைக் கேட்பவர், இத்தனை மாத உழைப்பும் வீண் என்று மனம் உடைந்துபோகிறார். வீண் இல்லை. சுருங்கிய வடிவங்களில் இருபது முப்பதைப் பழகிவிட்டால் முன்பு கற்றதெல்லாம் கேட்கத் தொடங்கும்.

டிவி5மோந்த் தொலைக்காட்சியின் இணையதளத்தில் சிறு காணொளிகளோடு ஏ1 (தொடக்கநிலை) முதல் பி2 (மேல் இடைநிலை) வரை இலவசப் பயிற்சிகள் இருக்கின்றன, ஏ1-இல் தொடங்குங்கள். ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி பத்து நிமிடம் ஓடும், எழுத்து வடிவமும் கிடைக்கும். ஆனால் அது தொடக்கநிலைக்கு உரியதல்ல, ஐந்தாறு மாதம் கழித்து எடுங்கள்.

வாரத்துக்கு அரை மணி நேரம் பிரெஞ்சு தெரிந்த ஒருவரோடு பேச ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், இணையவழி ஆசிரியரானாலும் மொழிப் பரிமாற்றத் துணையானாலும் சரி. அந்த வாரம் படித்த பாடத்தின் தலைப்பையே பேசச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிழையிலும் நிறுத்த வேண்டாம், முடிவில் மூன்று பிழைகளை மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். மென்பொருளால் செய்ய முடியாதது இதுதான். எதிர்பாராத கேள்வியை அது கேட்காது. நீங்கள் பால் மாற்றிச் சொன்னதைப் பல நேரம் கவனிக்கவும் செய்யாது.

எங்கே நிற்கிறோம் என்று பார்க்க

திரை காட்டும் விழுக்காட்டையும் தொடர்நாள் கணக்கையும் வைத்து அளக்க வேண்டாம். பிரான்சின் கல்வித்துறை வழங்கும் டெல்ஃப் ஏ1 தேர்வின் மாதிரித் தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி. ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 100இல் 50 எடுக்க வேண்டும், எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. தேர்வு எழுதும் எண்ணம் இல்லாவிட்டாலும், முதல் நிலை முடிந்ததும் ஒரு தாளையும் இரண்டாம் நிலை முடிந்ததும் இன்னொரு தாளையும் நேரம் வைத்து எழுதிப் பாருங்கள்.

மென்பொருளை மட்டும் நம்பியவரின் தாளில் கேட்டலும் வாசித்தலும் இருபதைத் தாண்டும், எழுதுதல் பத்தில் நிற்கும். அப்படி வந்தால் அடுத்த அலகைத் திறக்காதீர்கள். இரண்டு வாரம் முடிந்த பாடங்களையே எடுத்து டிக்டேஷனும், தினம் நாற்பது சொல்லில் ஒரு சிறு குறிப்பும் எழுதுங்கள்: நண்பருக்கு அழைப்பு, விடுமுறைச் செய்தி, வரமுடியாததற்கு விளக்கம். ஏ1 எழுத்துத் தேர்வில் ஒரு படிவம் நிரப்புவதோடு கேட்கப்படுவது ஏறக்குறைய இதே அளவுக் குறிப்புதான். பேசுதல் குறைந்தால், மூடிய திரைக்கு முன் நடந்து பேசும் அந்தப் பத்து நிமிடத்தை இருபதாக்குங்கள். பாட நேரத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம்.